ஒப்பந்தச் சொல்லும் ஊசுட்டேரி நீரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவையொட்டிச் சேதராப்பட்டில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பன்னாட்டு ஒப்பந்தம் என்றவுடன், அது ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ நிகழும் காரியம், ஏரிக்கரை ஊர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒதுக்கிவிடும் மனப்போக்கு பரவலாக உண்டு. புதுச்சேரி மண்ணில் வாழ்வோர்க்கு அந்த மனப்போக்கு சற்றும் பொருந்தாது. இம்மண்ணின் இன்றைய அரசியல் வடிவமே ஓர் ஒப்பந்தத்தின் பயன். வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். அவர்களுள் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி நிருவாகம் கைமாறியது. 1956 மே 28ஆம் நாள் இந்தியாவும் பிரான்சும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. ஆயினும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதனை ஏற்று, ஏற்புறுதி ஆவணங்கள் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16ஆம் நாளில்தான். கையொப்பத்துக்கும் ஏற்புறுதிக்கும் இடையே ஆறாண்டுகள் கடந்தன. அந்த ஆறாண்டுகளும் புதுச்சேரி மக்கள் சட்டப்படி எந்நாட்டவர் என்ற வினாவுக்கு நேரான விடை இல்லை.

ஆகவே, ஓர் ஒப்பந்தம் எழுதப்படுவது வேறு, கையொப்பமாவது வேறு, ஏற்புறுதி பெறுவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு என்பதை இப்பகுதியினருக்குப் புத்தகம் கொண்டு விளக்க வேண்டுவதில்லை. புவி வெப்பம் குறித்த உலக ஒப்பந்தங்களின் வரலாறும் இந்நான்கு படிகளுக்கிடையே நிகழ்ந்த இழுபறியின் வரலாறே. அவ்வரலாற்றைச் சேதராப்பட்டுக்கு அருகேயுள்ள ஊசுட்டேரியின் கரையில் நின்று நோக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

ஏரியும் எல்லையும்

ஊசுட்டேரி புதுச்சேரியின் மிகப்பெரிய ஏரி. ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புடைய அதன் நீர்ப்பரப்பில் ஒரு பாதி புதுச்சேரியிலும் மறுபாதி தமிழ்நாட்டிலும் உள்ளது. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி வரும் சங்கராபரணி ஆற்றின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஏரியை அடைகிறது. ஏரியின் நடுவே எல்லைக்கோடு ஓடுவதற்குக் காரணம் இயற்கையன்று. ஐரோப்பிய அரசுகளின் போர்களும் உடன்பாடுகளுமே. 1814இல் பாரிஸ் நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரருக்கு உரியதாயிற்று. 1816இல் அது ஒப்படைக்கப்பட்டது. ஊருக்கு ஊர் துண்டுபட்டுக் கிடக்கும் வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் எல்லைகள் அக்காலத்தின் எச்சங்கள்.

நாரைக்கும் நீர்க்கோழிக்கும் இவ்வெல்லை தெரியாது, மழைக்கும் தெரியாது. 2008இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. பின்னர்த் தமிழக அரசும் தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது. ஒரே நீர், இரண்டு அறிவிப்புகள்; ஒரே பறவை, இரண்டு சட்ட எல்லைகள். உலக அளவில் வளிமண்டலத்தைக் காக்கும் முயற்சியின் முழுச் சிக்கலையும் இவ்வொரு ஏரியில் சுருக்கிக் காணலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. தொடர்ந்து சங்கராபரணியும் தென்பெண்ணையும் பெருக்கெடுத்தன. சாத்தனூர் அணை நீர் திறக்கப்பட்டதையொட்டித் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதியின் ஊர்களுக்குள் புகுந்தது. ஓராண்டின் விளைச்சலை ஓரிரவு கொண்டுபோயிற்று.

புதுச்சேரிக்குப் புயல் புதிதன்று. 1916 நவம்பரில் அடித்த பெரும்புயலைப் பாரதியார் இந்நகரில் வாழ்ந்த காலத்தில் கண்டார். அதனைக் கவிதைகளாகவும் பதிந்தார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தது. எனவே ஒரு புயலைக் காட்டி, இது புவி வெப்பத்தின் வேலை என்று உடனே முடிவு கட்டுதல் அறிவியல் நெறியாகாது. ஆனால் காற்று ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியலின் உறுதியான முடிபு. கடல் சூடேறச் சூடேறப் புயலின் மடியில் மழை கூடுகிறது. பாரதியார் கண்ட புயலுக்குப் பொறுப்புக் கேட்க ஆளில்லை. இன்றைய புயலின் ஒரு பகுதிக்கேனும் கேட்க ஆள் உண்டு. யாரிடம், எந்த மன்றத்தில், எந்தச் சட்டத்தின்படி கேட்பது என்பதே இன்றைய வினா.

அண்டை நிலத்து அறம்

தன் நிலத்து நீரை வடிக்கப் பக்கத்து வயலின் வரப்பை வெட்டுபவனை ஊர்ப் பஞ்சாயத்து கண்டிக்கும். உழவர் நன்கறிந்த இந்த நியாயமே பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் முதற்கல். கனடாவின் டிரெயில் என்னும் ஊரில் இயங்கிய உருக்காலையின் கந்தகப் புகை, எல்லை கடந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உழவரின் பயிர்களைக் கருக்கியது. இரு நாடுகளும் அமைத்த நடுவர் மன்றம் 1938லும் 1941லும் தீர்ப்பு வழங்கியது. தன் நிலப்பரப்பைப் பிறநாட்டுக்குப் பெருங்கேடு விளையும் வகையில் பயன்படுத்த எந்நாட்டுக்கும் உரிமையில்லை என்பது அதன் சாரம்.

1972 ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு இந்நெறியைத் தன் 21ஆம் கொள்கையாக ஏற்றது. இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி அம்மாநாட்டில் உரையாற்றினார். வறுமையையும் சுற்றுச்சூழலையும் பிரித்துப் பார்க்கலாகாது என்பது அவ்வுரையின் அடிநாதம். வளர்ந்த நாடுகளுக்கும் வளரும் நாடுகளுக்கும் இடையிலான நெடிய வழக்கு அங்கேயே தோன்றிவிட்டது.

டிரெயில் வழக்கில் ஆலை ஒன்று, புகை ஒன்று, கருகிய வயலும் கண்முன் இருந்தது. கரியமில வாயுவின் வழக்கு அத்தகையதன்று. மான்செஸ்டரில் நூறாண்டுக்கு முன் எரிந்த நிலக்கரியும், டெட்ராய்டில் ஓடிய மோட்டாரும், நெய்வேலியில் இன்று எரியும் பழுப்பு நிலக்கரியும் ஒரே வளிமண்டலத்தில் கலந்துவிடுகின்றன. எந்தப் புகை எந்த வயலை மூழ்கடித்தது என்று பிரித்துக் காட்டல் அரிது. அண்டை வீட்டான் நியாயம் மட்டும் இதற்குப் போதாது. ஊர்ப் பொதுவின் நியாயம் வேண்டும்.

அதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஓசோன் படலத்தைக் காக்க 1985இல் வியன்னா ஒப்பந்தமும் 1987இல் மான்ட்ரியல் நெறிமுறையும் எழுந்தன. எந்தெந்த வேதிப்பொருளை எந்த ஆண்டுக்குள் நிறுத்துவது என்ற அட்டவணை, வளரும் நாடுகளுக்குக் கூடுதல் காலம், மாற்றுத் தொழில்நுட்பத்துக்குத் தனி நிதி என மூன்றும் அதில் அமைந்தன. உலக நாடுகள் அனைத்தும் அதனை ஏற்றன. ஓசோன் படலமும் தேறி வருகிறது. குளிர்பதனப் பெட்டி வாயுவுக்கு மாற்று எளிதில் கிடைத்தது. நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் மாற்று அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. இரண்டு ஒப்பந்தங்களின் ஊழும் வேறுபட்டதற்கு இதுவே காரணம்.

பொதுவாயினும் வேறுபட்ட பொறுப்பு

காலநிலை மாற்றம் பற்றிய ஐக்கிய நாடுகள் வரையறை ஒப்பந்தம் 1992 மே 9ஆம் நாள் நிறைவேறியது. ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் நாடுகளின் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. இந்தியா 1993 நவம்பரில் ஏற்புறுதி அளித்தது. 1994 மார்ச் 21 முதல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன் இதயம் ஒரு தொடரில் உள்ளது. தமிழில் அதனைப் 'பொதுவாயினும் வேறுபட்ட பொறுப்பு' எனலாம். கேடு எல்லோருக்கும் பொது. அதனைத் தடுக்கும் கடமையும் பொது. ஆனால் கேட்டை மிகுதியாக விளைத்தவரும், தடுக்கும் ஆற்றல் மிகுதியாக உடையவரும் முந்திக்கொள்ளக் கடவர்.

இந்தக் கருத்தைப் பன்னாட்டு அறிஞர் பலர் புதுமை என வியந்தனர். ஏரிப்பாசனம் கண்ட தமிழர்க்கு இது பழமை. குடிமராமத்துக் காலத்தில் வாய்க்கால் தூர் வார ஊரே திரண்டது. ஆனால் எல்லாக் குடிகளும் ஒரே அளவில் ஆள் அனுப்பவில்லை. நிலம் மிகுதியாக உடையவர் மிகுதியாகவும், குறைவாக உடையவர் குறைவாகவும் பங்களித்தனர். கடமை பொது, அளவு வேறு. மன்னனுக்கு நீர்நிலை அமைக்கும் கடமையை உணர்த்திய குடபுலவியனாரின் புறநானூற்றுப் பாடலும் இவ்வறத்தின் மறுபக்கமே. ஆற்றல் உடையோனிடமே கடமை கேட்கப்பட்டது.

1997 டிசம்பர் 11இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் எழுந்த நெறிமுறை இக்கொள்கைக்கு எண் வடிவம் தந்தது. தொழில்வள நாடுகள் 2008 முதல் 2012 வரையிலான காலத்தில் தம் வெளியேற்றத்தை 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து சராசரி ஐந்து விழுக்காடு குறைப்பதாக ஒப்பின. வளரும் நாடுகளுக்கு எண் இல்லை. கையொப்பமிட்ட அமெரிக்கா ஏற்புறுதி தரவில்லை. கனடா 2011இல் விலகுவதாக அறிவித்தது. நெறிமுறை நடைமுறைக்கு வரவே 2005 பிப்ரவரி 16 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நிலம் மிகுதியாக உடைய குடியே தூர்வார வராமல் நின்றால் வாய்க்காலின் கதி என்னவாகும் என்பதற்குக் கியோட்டோ ஒரு சான்று.

'வேண்டும்' என்னும் வினை

2015 டிசம்பர் 12 அன்று பாரிஸில் நிறைவேறிய உடன்படிக்கை வேறு வழியை நாடியது. வெப்ப உயர்வைத் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையிலிருந்து 2 பாகைக்கு நன்கு கீழே நிறுத்துதல், 1.5 பாகையில் நிறுத்த முயலுதல் என்பது குறிக்கோள். ஒவ்வொரு நாடும் தன் பங்களிப்பைத் தானே அறிவிக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனை உயர்த்தும். இந்தியா 2016 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளில், ஏற்புறுதி அளித்தது. அவ்வாண்டு நவம்பர் 4 முதல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

மொழியை ஆள்வோர் அனைவரும் அறியத்தக்க ஒரு நிகழ்ச்சி பாரிஸின் இறுதி நாளில் நடந்தது. இறுதி வரைவின் நான்காம் விதியில், வளர்ந்த நாடுகள் வெளியேற்றக் குறைப்பில் முன்னின்று நடத்தும் என்ற இடத்தில் 'ஷால்' என்ற ஆங்கிலத் துணைவினை அச்சாகியிருந்தது. சட்ட மொழியில் அது கட்டாயத்தைக் குறிப்பது. அமெரிக்கக் குழு அதிர்ந்தது. அந்தச் சொல் நின்றால் உடன்படிக்கையை அமெரிக்கச் செனட்டின் ஒப்புதலுக்குக் கொண்டுசெல்ல நேரும். அங்கே அது தேறாது. கூட்டம் தாமதமாயிற்று. பின்னர்ச் செயலகத்தார் எழுத்துத் திருத்தங்களின் பட்டியலோடு அதனையும் சேர்த்து வாசித்தனர். 'ஷால்' போய் 'ஷுட்' வந்தது. கடமை அறிவுரையாயிற்று. அதன் பின்னரே உடன்படிக்கை நிறைவேறியது.

இவ்விரு சொற்களையும் தமிழில் எவ்வாறு வேறுபடுத்துவது? இந்தியச் சட்டங்களின் தமிழாக்கத்தில் கட்டாயத்துக்குச் 'செய்தல் வேண்டும்' என்பது வழக்கு. அறிவுரைக்கும் 'செய்ய வேண்டும்' என்றே எழுதுகின்றனர். 'வேண்டு' என்னும் வேர் விருப்பத்தையும் இரத்தலையும் குறிப்பது. அதுவே இன்று கட்டாயத்தையும் குறிக்கிறது. ஆணையும் வேண்டுகோளும் தமிழில் ஒரே சொல்லில் உறைகின்றன. வியங்கோளுக்கு ஏவல், வேண்டல், வாழ்த்தல், வைதல் எனப் பல பொருள் வகுத்த இலக்கண மரபு, ஒரே வடிவத்துள் நிற்கும் இவ்வேறுபாட்டை இடம் நோக்கி உணரச் சொன்னது. பாரிஸ் உடன்படிக்கையைப் படிப்பதற்கு அந்தப் பயிற்சி மிகவும் உதவும். ஏனெனில் அவ்வுடன்படிக்கையின்படி, பங்களிப்பை அறிவித்தல் கட்டாயம். அறிவித்த அளவை எட்டியே தீரவேண்டும் என்ற விதி அதில் இல்லை. இணக்கத்தைக் கண்காணிக்கும் குழு உண்டு, அது தண்டிக்காது.

2021இல் கிளாஸ்கோ மாநாட்டிலும் ஒரு சொல்லே வழக்காயிற்று. நிலக்கரி மின் உற்பத்தியைப் படிப்படியாக 'ஒழித்தல்' என்று வரைவில் இருந்ததைப் படிப்படியாகக் 'குறைத்தல்' என மாற்றுமாறு இந்தியா இறுதி நேரத்தில் முன்மொழிந்தது. சீனமும் அதனை ஆதரித்தது. சிறு தீவு நாடுகள் வருந்தின. இரு தரப்பு நியாயங்களையும் எடைபோடுதல் நேர்மை. ஆண்டு மொத்த வெளியேற்றத்தில் இந்தியா உலகின் மூன்றாவது நாடு. ஆயினும் தலைக்குக் கணக்கிட்டால் இந்தியரின் பங்கு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. பாகூரில் நெல்லுக்கு நீர் இறைக்கும் மின்மோட்டார்களுக்கும் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கும் வரும் மின்சாரத்தில் நெய்வேலியின் பங்கு உண்டு. 'ஒழித்தல்' என்ற சொல்லை ஏற்பவர் அம்மோட்டாருக்கு மாற்றைச் சொல்லக் கடமைப்பட்டவர். 'குறைத்தல்' என்ற சொல்லைக் கேட்டுப் பெற்றவர், குறைத்துக் காட்டக் கடமைப்பட்டவர். 2070க்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்குவதாக அதே மாநாட்டில் இந்தியா உறுதி கூறியதும் குறிக்கத்தக்கது.

இழப்பும் ஈடும்

வயல் மூழ்கிய உழவருக்கு 2070 வெகு தொலைவு. அவர் கேட்பது, போன விளைச்சலுக்கு யார் ஈடு தருவார் என்பது. பாரிஸ் உடன்படிக்கையின் எட்டாம் விதி 'இழப்பும் சேதமும்' பற்றிப் பேசுகிறது. ஆனால் அதனோடு நிறைவேறிய தீர்மானத்தின் 51ஆம் பத்தி, அவ்விதி எவர் மீதும் சட்டப் பொறுப்பையோ இழப்பீட்டையோ சுமத்துவதற்கு அடிப்படையாகாது என்று கதவைச் சாத்தியது. 2022இல் எகிப்தின் ஷாம் எல்-ஷேக்கில் இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் அமைக்க நாடுகள் இசைந்தன. 2023இல் துபாயில் அது செயற்படத் தொடங்கியது. அதில் செலுத்துதல் விருப்பத்தின்பாற்பட்டது, கடமையன்று. கொடைக்கும் ஈட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்ப் புலவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொடையில் பெறுபவன் நன்றி சொல்கிறான். ஈட்டில் தருபவன் தவறை ஒப்புகிறான்.

நிதி வாக்குறுதியின் கதையும் அத்தகையதே. 2020 முதல் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் திரட்டுவதாக 2009இல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகள் வாக்களித்தன. அவ்வளவை முதன்முதலாக எட்டியது 2022இல்தான் என்று அந்நாடுகளின் சொந்த அமைப்பே கணக்கிட்டது. 2024இல் பாகுவில், 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்ற புதிய இலக்கு நிறைவேறியபோது இந்தியா அதனைப் போதாதென்று வெளிப்படையாக எதிர்த்துரைத்தது. பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து 2020இல் விலகி 2021இல் திரும்பிய அமெரிக்கா, 2025 ஜனவரியில் மீண்டும் விலகுவதாக அறிவித்தது.

மாணவர் எழுப்பிய வினா

இவ்வாறு அரசுகளின் பேச்சு தேய்ந்த இடத்தில், வேறொரு குரல் எழுந்தது. 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் 27 பேர் ஒரு வகுப்பறையில் கூடினர். கடல் தம் தீவுகளை விழுங்கும் நிலையில் உலக நீதிமன்றம் என்ன சொல்லும் என்று கேட்க முடிவு செய்தனர். வனுவாட்டு என்னும் சிறிய தீவு நாடு அவ்வினாவை ஏந்தியது. 2023 மார்ச் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதனை ஒருமனதாக ஏற்று, தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியது. இதற்கிடையே கடல்சட்டத் தீர்ப்பாயம் 2024 மே 21 அன்று, பசுமைக்குடில் வாயுக்களின் வெளியேற்றம் கடல் மாசுபாடே என்று கருத்துரைத்தது.

2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் பதினைவரும் ஒருமனதாகத் தம் கருத்துரையை அறிவித்தனர். வளிமண்டலத்துக்குப் பெருங்கேடு விளையாமல் தடுப்பது எல்லா நாடுகளுக்கும் உரிய சட்டக் கடமை. ஒப்பந்தத்தில் சேராத நாட்டையும் அக்கடமை கட்டும். பங்களிப்பைத் தானே அறிவிக்கும் உரிமை, எதையேனும் அறிவிக்கும் உரிமையாகாது. நாட்டின் இயன்ற பேராற்றலை அது காட்டுதல் வேண்டும். கடமை தவறிய நாடு கேட்டை நிறுத்தவும், காரணத் தொடர்பு நிறுவப்படுமாயின் முழு ஈடு தரவும் கடமைப்படும். பாரிஸில் எழுத்துத் திருத்தமாக வெளியேறிய கட்டாயம், தி ஹேக்கின் வாயில் வழியே வழக்காற்றுச் சட்டமாகத் திரும்பி வந்தது என்று கூறலாம்.

இக்கருத்துரை தன்னளவில் எந்நாட்டையும் கட்டும் தீர்ப்பன்று என்பதை மறைத்தலாகாது. நீதிமன்ற விசாரணையின்போது, இருக்கும் ஒப்பந்தங்களுக்கு அப்பால் புதிய கடமைகளைப் படைக்க வேண்டாம் என்றே இந்தியாவும் வாதிட்டது என்பதையும் மறைத்தலாகாது. பழைய மாசுக்கு ஈடு கேட்கும் நாடு, நாளைய மாசுக்குத் தன்னிடம் கணக்குக் கேட்கப்படுமோ என்று அஞ்சுகிறது. பாதிக்கப்பட்டவனும் பங்காளியும் ஒருவனாகவே இருக்கும் நிலை இது.

இந்திய மன்றங்களில்

பன்னாட்டு ஒப்பந்தம் தானாக இந்தியச் சட்டமாகிவிடாது. அரசமைப்பின் 253ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்றலாம். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஸ்டாக்ஹோம் மாநாட்டின் பேரன் எனலாம். 2010ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் முகவுரை ஸ்டாக்ஹோமையும் ரியோவையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. இத்தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை புதுச்சேரிக்கும் உரியது.

நீதிமன்றங்கள் இன்னும் ஓர் அடி முன்சென்றன. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அது அறுதியிட்டது. ரியோவில் பேசப்பட்டது நான்காண்டுகளில் பாலாற்றுக்கு வந்து சேர்ந்தது. எனினும் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. உத்தராகண்டைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி, பாரிஸ் உடன்படிக்கையை அரசு நிறைவேற்றக் கோரி 2017இல் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகினாள். அரசின் கொள்கைகளில் அது கருதப்படவில்லை என்று கொள்ளக் காரணமில்லை என்று கூறித் தீர்ப்பாயம் 2019இல் மனுவைத் தள்ளியது.

2024இல் வந்த மற்றொரு தீர்ப்பு கவிஞர் நெஞ்சைத் தொடத்தக்கது. இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில், மின்கம்பிகளில் மோதி இறக்கிறது. கம்பிகளை நிலத்துக்கடியில் கொண்டுசெல்ல 2021இல் நீதிமன்றம் ஆணையிட்டது. அக்கம்பிகளோ சூரிய மின்சாரத்தைச் சுமப்பவை. பறவையைக் காப்பதா, வெப்பத்தைத் தணிப்பதா என்ற வழக்காக அது மாறியது. 2024 மார்ச் 21 நாளிட்ட தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் முந்தைய ஆணையைத் தளர்த்தி, வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அத்துடன், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்பெறும் உரிமை அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளில் அடங்கியுள்ளது என்றும் உரைத்தது. உரிமை பிறந்தது, அது பிறந்த வழக்கிலேயே ஒரு பறவையின் பங்கு குறைந்தது. அறங்கள் இரண்டு மோதுமிடத்தில் தீர்ப்பு எத்துணைக் கடினம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஊசுட்டேரிக்கு நேராகப் பொருந்தும் ஒப்பந்தமும் ஒன்று உண்டு. 1971 பிப்ரவரி 2இல் ஈரானின் ராம்சர் நகரில் எழுந்த சதுப்புநில ஒப்பந்தத்தில் இந்தியா 1982இல் சேர்ந்தது. புதுச்சேரிக்கு வடக்கே விழுப்புரம் மாவட்டத்திலுள்ள கழுவேலி 2024இல் அதன் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் ஏறிய நீர்நிலைக்கே ஒப்பந்தம் உரியது என்பது பொதுவான தவறான எண்ணம். அதன் மூன்றாம் விதி, இயன்றவரை நாட்டிலுள்ள எல்லாச் சதுப்புநிலங்களையும் அறிவார்ந்து பயன்படுத்தும் கடமையையும் விதிக்கிறது. ஏரிகளையும் அவ்வொப்பந்தம் சதுப்புநிலங்களாகவே கொள்கிறது. பங்காரு வாய்க்காலால் நிறையும் பாகூர் ஏரியும், பெயர் அறியா ஊர்க்குளமும் அவ்விதியின் நிழலில் உள்ளன. ஏரி நிறைந்தால் நிலத்தடி நீர் ஊறும். வெள்ளத்துக்கு மடி கிடைக்கும். உலக ஒப்பந்தங்கள் 'தகவமைதல்' என்று கூறும் செயலுக்கு இவ்வட்டாரத்தில் ஏரி என்பதே பெயர்.

கவிஞர் கடன்

ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தங்கள் அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ருசியம், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளில் மூலமதிப்புப் பெறுகின்றன. தமிழ் அவற்றுள் இல்லை. தன் வயலைப் பற்றிய உரிமை எந்த மொழியில் எழுதப்பட்டுள்ளது என்பதை அறியாத உழவர், அவ்வுரிமையைக் கேட்பது எவ்வாறு? மொழிபெயர்ப்பு இங்கு அணிகலன் அன்று, நீதிக்கு வாயில்.

அவ்வாயிலில் சொற்களைக் காப்பவர் கவிஞர். 'பருவநிலை மாற்றம்' என்று நாளேடுகள் எழுதுகின்றன. பருவம் மாறுவது இயற்கை. கார் போய்க் கூதிர் வரும், கூதிர் போய்ப் பனி வரும். அகப்பாடல்களின் முதற்பொருளே அம்மாற்றத்தின் மீது நிற்பது. இன்று நிகழ்வது மாற்றமன்று, பிறழ்ச்சி. பருவமல்லாக் காலத்துப் பெய்யும் மழைக்கு 'வம்பு' என்ற அடைமொழியைச் சங்கப் புலவர் வைத்திருந்தனர். தலைவன் குறித்த கார்காலம் வந்தும் அவன் வரவில்லையே என வருந்தும் தலைவியிடம், இது கார் அன்று, வம்பு, கொன்றைதான் ஏமாந்து பூத்தது என்று தோழி ஆற்றுவிப்பாள். அன்று அது தோழியின் அன்புப் பொய். இன்று கொன்றை உண்மையாகவே ஏமாறுகிறது. நாற்று விட்ட உழவரும் ஏமாறுகிறார். பொய்யாக இருந்தது மெய்யாகிவிட்ட இந்நிலையைச் சொல்லும் சொல் தமிழில் ஏற்கெனவே உண்டு. அதனைத் தேடி எடுத்து வழக்கில் வைப்பார் வேண்டும்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் உறுப்பினர் முன் இரண்டு பணிகள் காத்திருக்கின்றன. பாரிஸ் உடன்படிக்கையின் இருபத்தொன்பது விதிகளையும் பன்னாட்டு நீதிமன்றக் கருத்துரையின் முடிவுரையையும் கட்டாயமும் அறிவுரையும் கலவாத தெளிந்த தமிழில் ஆக்குதல் ஒன்று. ஊசுட்டேரியின் இரு கரை ஊர்களிலும் எந்த ஆண்டு ஏரி எப்போது நிறைந்தது, எப்போது வற்றியது, எப்புயலில் எவ்வயல் மூழ்கியது என்பதை முதியோர் வாய்மொழியிலிருந்து தொகுத்து எழுதுதல் மற்றொன்று. காரணத் தொடர்பு நிறுவப்பட்டால் ஈடு உண்டு என்று உலக நீதிமன்றம் கூறியுள்ளது. நிறுவுவதற்குப் பதிவு தேவை. அப்பதிவு தி ஹேக்கில் இல்லை. சேதராப்பட்டின் திண்ணைகளில் உள்ளது.

கீழூரில் கூடிய 178 பேருள் சட்ட அறிஞர் சிலரே. ஊர்களின் பெயரால் அவர்கள் இட்ட வாக்கு, எட்டாண்டுகள் கழித்து ஒரு பேரரசின் ஏற்புறுதியாக மாறியது. வனுவாட்டு மாணவரின் வினா ஆறாண்டுகளில் உலக நீதிமன்றத்தின் விடையாக மாறியது. 'வேண்டும்' என்னும் சொல் வேண்டுகோளாகத் தொடங்கிக் கட்டாயமாக முடிவது தமிழின் இலக்கணத்தில் மட்டுமன்று, வரலாற்றிலும் உண்டு. அச்சொல்லை உரத்துச் சொல்லும் வாய்கள் பெருகுக. ஊசுட்டேரி நிறைக.